ஒரு கட்டைவிரல்

காப்பி கசக்கும். உண்மையில் அது காப்பியே இல்லை, வறுத்த பார்லி. சர்க்கரையும் கிடையாது. உன் அப்பா இதே மேசையில் உட்கார்ந்து இதையே முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார். அவரோடு பழகிய பழக்கத்தில் உன்னையும் நீ என்றே சொல்கிறேன், ஷெரிஃப். உனக்குப் பிடிக்காவிட்டால் அது உன் பாடு.

தொப்பியை எடுத்துவிட்டாய், போகப் பார்க்கிறாய். உட்கார். நீ கொண்டுவந்து மேசையில் போட்ட இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். டவுனில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற எவனோ இதைப் பார்த்துவிட்டு, "கிழவன் குழலைக் கோணலாகக் குடைந்துவிட்டான், அதனால் வெடித்தது, விபத்துதான், பாவம்" என்றானாம். நீயும் அதை நம்பிக்கொண்டு, பெரிய மனசு பண்ணி, விபத்து என்று முடித்துவிடுகிறேன் என்று எனக்குச் சொல்ல வந்திருக்கிறாய். நான் உனக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்.

குழலைச் சன்னல் பக்கம் திருப்பி உள்ளே பார். வெளிச்சம் எப்படி ஓடுகிறது? ஓர் இடத்திலாவது நெளிகிறதா? குழல் நேராகத்தான் இருக்கிறது. வாய்ப்பக்கமும் சரியாக இருக்கிறது. என் வேலையில் குறை இல்லை. இந்த மொன்டானாவில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். வேலை தெரியாதவன் என்று மட்டும் எவனும் சொன்னதில்லை. அதை நீ முதலில் எழுதிக்கொள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

இது என் அப்பாவின் துப்பாக்கி. லீவரைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். டகோட்டாவிலிருந்து மாட்டு வண்டியில் வந்தபோது அவர் மடியிலேயே இருந்ததாம். முப்பத்தெட்டு அளவுத் தோட்டா போடுவது. எங்களிடம் புதிய துப்பாக்கி ஒன்றும் இருந்தது. என் மகள் வெர்னாவின் முதல் குழந்தைக்குப் புழுதி நெஞ்சில் இறங்கியபோது வைத்தியத்துக்காக அதை விற்றோம். குழந்தையும் நிற்கவில்லை, துப்பாக்கியும் போனது. மிஞ்சியது சுவரில் தொங்கிய இந்தக் கிழம்.

மாடுகள் என்ன ஆயின என்று உனக்கே தெரியும். முந்தின வருஷம் அரசாங்கத்தார் வந்து, விலை என்று ஏதோ கொடுத்து, நடக்கமுடியாதவற்றை ஓடைப்பள்ளத்தில் நிறுத்திச் சுட்டுப்போட்டுப் போனார்கள். அப்போது நீயும் கூட நின்றாய். அதற்கப்புறம் மழையும் இல்லை. முட்செடியை வெட்டி உப்பில் ஊறப்போட்டுக் குதிரைக்கும் கொடுத்தோம், நாங்களும் தின்றோம். மான் ஒன்றுதான் வழி. மான் அடிக்கத் தோட்டா வேண்டும்.

முப்பத்தெட்டு தோட்டாவை டவுனில் கடை வைத்திருக்கிற மிஸஸ் ரஸ்க் வரவழைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. "அந்தச் சைஸக் கேக்கறதே நீ ஒருத்தன்தான் ஆர்வில். உனக்காக ஒரு பெட்டி வரவழைச்சா, நீ காசு குடுக்கறதுக்குள்ள நான் செத்துருவேன்" என்றாள். நாற்பத்துநாலு இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். இரண்டு தோட்டாவுக்கும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பருமன்தான் வேறு. குழலைப் பெரிதாக்கினால் போதும்.

அதைச் செய்தேன். நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் வாலிபத்தில் ரயில் பட்டறையில் இரும்போடு கிடந்தவன். பழைய அரத்தைக் காய்ச்சி நானே வெட்டுக்கருவி செய்தேன். பன்றிக்கொழுப்பைத் தடவித் தடவி, கையாலேயே திருப்பி, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாகக் குடைந்தேன். பனிக்காலத்தின் பாதி அதிலேயே போனது. டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடிப்பான். என் மருமகன் டெல்மர் க்விஸ்ட். அவனுக்கு வாய் ஓயாது.

"மாமா, இந்தத் துப்பாக்கிக்கு உங்களவிட வயசு ஜாஸ்தி. ரெண்டுல எத நம்பறது?"

"பேசாம வெளக்கப் பிடிடா. கை ஆடுது."

"ஆடுறது என் கையில்ல மாமா. வயிறு. பசியில உடம்பே ஆடுது."

வெர்னா சிரித்தாள். அந்தக் குழந்தை போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். நன்றாக இருந்தது. டெல்மர் நல்லவன், அதை நான் மறுக்கவில்லை. நான் தண்ணீர் சுமக்கக் குனிந்தால் வாளியைப் பிடுங்கிக்கொள்வான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியில் கை வைத்தவன்தான் முதல் குண்டைச் சுடவேண்டும், மற்றவர்கள் பார்க்க. முதலில் வண்டிச் சக்கரத்தில் கட்டிக் கயிற்றால் இழுத்துப் பார்ப்போம். அது சரியாக இருந்தால், வேலை செய்தவன் தன் கன்னத்தில் வைத்துச் சுட்டுக்காட்டவேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அப்பன் செய்தாலும் சரி, அண்ணன் செய்தாலும் சரி. நான் இரண்டையும் செய்தேன். வாசலில் நின்று, வெர்னாவும் டெல்மரும் பார்க்க, கன்னத்தில் வைத்துச் சுட்டேன். வேலிக்கம்பத்தில் போய்ப் பட்டது. டெல்மர் கைதட்டினான்.

அந்தப் பனிக்காலம் முழுக்க இந்தத் துப்பாக்கிதான் எங்களைக் காப்பாற்றியது. சுடுவது டெல்மர். என் கண் போதாது. மான்கறி, பீன்ஸ், எப்போதாவது ஒரு ரொட்டி. வெர்னாவுக்கு மறுபடி வயிற்றில் தங்கியது. இனி இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். துப்பாக்கியைக் குடைந்ததே அதற்குத்தான். வீட்டில் கறி இருந்தால் எவன் வீட்டை விட்டுப் போவான்?

பனி உருகும்போது டெல்மரின் தம்பி ஆக்செல் ஒரு லாரியில் வந்தான். மிசௌரி ஆற்றில் அணை கட்டுகிறார்களே, ஃபோர்ட் பெக், அங்கே அவனுக்கு வேலை. சட்டை கிழியாமல் இருந்தது. வெர்னாவுக்கு நிஜக் காப்பித்தூள் கொண்டுவந்தான். மாசக் கடைசியில் ஆள் எடுக்கிறார்கள், வந்துவிடு என்றான் டெல்மரிடம்.

"சும்மா எடுத்துருவாங்களாடா?"

"டாக்டர் ஒருத்தன் பாப்பான். இருமச் சொல்வான். ரெண்டு கையையும் நீட்டச் சொல்வான். ஒரு வெரல் கொறஞ்சாலும் போயிட்டு வான்னுருவான். போன மாசம் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன், கட்டைவெரல் இல்லாதவன், அழுதுக்கிட்டே திரும்பிப் போனான். உனக்கென்ன, உனக்கு ஒடம்பு முழுக்கக் கைதானே."

டெல்மர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிக் காட்டினான். "பாருங்க மாமா, பாஸா?" என்றான். பெரிய கைகள்.

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவர்கள் நினைத்தார்கள் என்று நீ நினைக்கவேண்டாம். நியாயத்தைச் சொல்லவேண்டும். டெல்மர் என்னையும் கூப்பிட்டான்.

"நீங்களும் வாங்க மாமா. தார்த்தாள் ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கலாம். அங்க ஸ்டவ் இருக்கு, கடை இருக்கு, டாக்டர் இருக்கான். இந்தக் கொழந்த இங்க பொறக்க வேணாம். போன தடவ மாதிரி ஆயிடும்."

"போன தடவ பொறந்தது அந்த மேட்டுல கெடக்கு. அது பக்கத்துல என் பொண்டாட்டி கெடக்கா. அவங்கள யாரு பாத்துக்கறது?"

"செத்தவங்கள நாம பாத்துக்க வேணாம் மாமா. அவங்களுக்குப் பசிக்காது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள். "அப்பா, வாங்களேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் வரமாட்டேன் என்றேன். தகரக்கொட்டகையும் சாராயக்கடையும் விஷக்காய்ச்சலுமாகக் கிடக்கிற அந்த ஊரில் என் பேரக்குழந்தை பிறப்பதற்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்? இங்கே சுத்தமான காற்று. புழுதி இல்லாத நாளில் சுத்தமான காற்று. நான் யோசித்தது குழந்தையைப் பற்றித்தான்.

இனிமேல் சொல்வதைத்தான் நீ கவனமாகக் கேட்கவேண்டும்.

நாற்பத்துநாலு தோட்டா இரண்டு மாதிரி வருகிறது. ஒன்று மெதுவானது, பழைய துப்பாக்கிகளுக்கானது. இன்னொன்று காரமானது, புதிய துப்பாக்கிகளுக்காகப் புது மருந்து போட்டு அடைத்தது. கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. எடை ஒன்று, நீளம் ஒன்று. டப்பாவை விட்டு வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் செய்தவனே அடையாளம் சொல்லமுடியாது. இங்கே யார் டப்பாவோடு அலைகிறார்கள்? ஆகவே யாருக்கும் தவறு நடக்கலாம். நீயும் அப்படித்தானே நினைத்தாய்.

எனக்குத் தவறு நடக்கவில்லை. டப்பாவைப் பார்த்தே மிஸஸ் ரஸ்க் சொல்லிவிட்டாள்.

"மெதுவானது தீந்துபோச்சு. கடைசிப் பெட்டிய நீதான் வாங்கிட்டுப் போன. இது உன் கெழட்டுத் துப்பாக்கிக்கு ஆவாது ஆர்வில். போட்டன்னா உன் மூக்கு எந்த ஊர்ல போய் விழும்னு தெரியாது."

"எனக்கில்ல. ஹெக்டர் லோவுக்கு. அவன்கிட்ட புதுசு இருக்கு."

"அவன் ஏன் வரல?"

"அவனுக்குக் கால் வீங்கிக் கெடக்கு."

அவள் கொடுத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. லோவுக்குக் காலில் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைக் கரிமருந்துக்காகச் செய்தார்கள். கரிமருந்து தள்ளும், புது மருந்து அறையும். இதன் உள்ளே முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிற இரண்டு துண்டுகள் இருந்தன. லீவரை மூடினால் முழங்கால் நிமிர்ந்து நிற்கும், அடியை அதுதான் தாங்கும். அப்பா காலத்திலிருந்தே அதன் ஆணிகள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மெதுவான தோட்டாவுக்குப் போதும். காரமானதுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு போதாது, எந்தப் பக்கமாக விட்டுக்கொடுக்கும் என்பதுதான் தெரியவேண்டியிருந்தது.

அதையும் பார்த்தேன். அவர்கள் ஆக்செலின் லாரியில் டவுனுக்குப் போயிருந்த அன்று, ஓடைக்கு அப்பால் பட்டமரத்துக்குப் பின்னால், உடைந்த வண்டிச் சக்கரத்தில் துப்பாக்கியைக் கட்டினேன். லீவர் வளையத்துக்குள் கை நிற்கிற இடத்தில் ஒரு பச்சை வில்லோ குச்சியைச் சொருகினேன். கட்டைவிரல் பருமன் இருக்கும். என் விரலோடு வைத்துப் பார்த்துத்தான் ஒடித்தேன். தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தேன்.

தோட்டாக்கூடு நீளவாக்கில் கிழிந்துவிட்டது. லீவர் தானாகத் திறந்து கீழே அடித்தது. குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது. மேல்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. கட்டைக்கு, அதாவது கன்னம் படுகிற இடத்துக்கு, ஒரு கீறல்கூட இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன், ஷெரிஃப். அவசரப்படவில்லை. லீவரை நிமிர்த்தி, உள்ளே துடைத்து, எண்ணெய் போட்டு, பழையபடி சுவரில் மாட்டினேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. ஒரு கட்டைவிரல். கட்டைவிரல் இல்லாமல் ஏர் ஓட்டுகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். மாடு பிடிக்கலாம், விறகு பிளக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். அணையில் மட்டும் எடுக்கமாட்டார்கள். ஒரு விரலுக்கு ஒரு குடும்பம் கலையாமல் இருக்கும் என்றால் அது பெரிய விலையா? கேட்டுப் பார்த்திருந்தால் அவனே கொடுத்திருப்பான் என்றுகூடத் தோன்றும், சில நாள்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள். மூட்டை எல்லாம் கட்டியாகிவிட்டது. டெல்மர் காலையில் துப்பாக்கியை எடுத்தான்.

"போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு மான் அடிச்சு உப்புக்கண்டம் போட்டு வச்சிட்டுப் போறேன் மாமா. இல்லன்னா முட்செடியத் தின்னுட்டு எங்களத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

வேண்டாம் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. பழைய தோட்டா தீர்ந்துவிட்டது. அவன் கையை நீட்டினான். நான் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"புதுசா?"

"புதுசுதான்."

"சுட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அதில் பொய் இல்லை. சுட்டுத்தான் பார்த்திருந்தேன். அவன் தலையாட்டிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

நான் குதிரையின் வார்ப்பட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம் இல்லை, இரும்புத்தகட்டை அடித்தமாதிரி. வெர்னா மாவுக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, என்னது அது?"

"மான் விழுந்திருக்கும்."

"ஒரு மாதிரி கேட்டுச்சே."

"காத்து திரும்பியிருக்கு."

நான் எழவில்லை. விரல்தானே, துணியைச் சுற்றிக்கொண்டு அவனே நடந்து வந்துவிடுவான் என்று காத்திருந்தேன். ரத்தத்தை நிறுத்தச் சுத்தமான துணியும் கொதித்த தண்ணீரும் தயாராக வைத்திருந்தேன். அதை நீ எழுதமாட்டாய், ஆனால் வைத்திருந்தேன். அவன் வரவில்லை. வெர்னாதான் ஓடினாள், அந்த வயிற்றோடு. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளத்தில் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்கக் கருப்பாக இருந்தது. வெர்னா அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள இருட்டிடுச்சா வெர்னா?" என்று கேட்டான். "நான் அவ்வளவு நேரமா கெடந்தேன்?"

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அந்த முழங்கால் துண்டுகள் பின்பக்கமாக வந்துவிட்டன. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் தடவை சுட்டதிலேயே ஏதோ ஓர் ஆணி விரிசல் விட்டிருக்கவேண்டும், துடைத்தபோது என் கண்ணில் படவில்லை. அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். வேறு நல்ல கண் உள்ளவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கவேண்டும். ஆனால் யாரைக் கூப்பிடுவது? வீட்டில் நல்ல கண் உள்ளவன் டெல்மர்தான்.

டவுன் டாக்டர் இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார். ஆக்செல் வந்து இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அணைக்குத்தான். அங்கே குருடனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். ஆக்செல் மூட்டையைத் தூக்கி லாரியில் போட்டான். வெர்னா லாரியில் ஏறியவள் இறங்கி, என்னிடம் வந்தாள்.

"சுட்டுப் பாத்தேன்னு அவர்கிட்ட சொன்னீங்களே அப்பா."

"ஆமா. பாத்தேன்."

"கன்னத்துல வச்சா?"

"துப்பாக்கி மாறலையே. தோட்டாதானே மாறிச்சு."

"கன்னத்துல வச்சான்னு கேட்டேன்."

அவள் கொஞ்சநேரம் என் முகத்தையே, வலது கன்னத்தையே, பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஏறிக்கொண்டாள். கை அசைக்கவில்லை. டெல்மர் அசைத்தான், வேறு திசையைப் பார்த்து.

அவள் உன்னிடம் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்கிறாய். பார்த்தாயா? என் மகள். இந்த வீட்டைத் தலைமுழுகியிருந்தால் உன்னிடம் கொட்டியிருப்பாள். சொல்லவில்லை என்றால் திரும்பி வர எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம். கோபம் கொஞ்சநாள் இருக்கும். இருக்கத்தான் செய்யும். குருடனையும் வயிற்றுப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு தார்த்தாள் குடிசையில் எத்தனை நாள் கிடப்பாள்? ஆக்செலுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும். அவர்களுக்கு இருக்கிற ஒரே வீடு இதுதான். நான் நினைத்ததும் அதைத்தான், அவர்கள் இங்கே இருக்கவேண்டும் என்று. சுற்றிப்போய் அது நடக்கப்போகிறது.

ஆகவே என் வேலை கோணல் என்று எழுதாதே. தோட்டாவை மாற்றிக் கொடுத்தது நான், தெரிந்து கொடுத்தேன், அதற்கு என்ன உண்டோ அதைச் செய். கைவிலங்கு வேண்டாம், நானே வருகிறேன். போகிற வழியில் மட்டும் அணைப்பக்கம் யாரிடமாவது சொல்லி வெர்னாவுக்கு ஒரு சேதி அனுப்பு. பனிப்புயலில் வழி தெரிய நாங்கள் கயிறு கட்டுவோமே, அந்தமாதிரி, வாசற்படியிலிருந்து கிணற்றுக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று, எல்லாம் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். டெல்மர் யாரையும் எதிர்பார்க்கவேண்டாம், பிடித்துக்கொண்டே நடந்துவிடலாம். அவனுக்குக் கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன.